செல் பகுப்பும் செல் வேறுபாடும்: ஆய்வு வரலாறு

செல் பகுப்பு என்பது ஓர் உயிருள்ள செல் தன் மரபுப்பொருளை இருமடங்காக்கி, அதைச் சமமாகப் பங்கிட்டு, இரண்டு செல்களாக ஆவது. அப்படிப் பிறந்த செல்கள் தசை, நரம்பு, தோல், குருதி எனத் தனித்தனி வேலைக்கு உரியவையாக மாறுவது செல் வேறுபாடு. மனித உடலின் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்களும், 0.1 மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒரே ஒரு கருமுட்டையின் வழித்தோன்றல்கள். பங்கீடு அத்தனை சமமாக நடக்கிறதென்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இந்தத் துறையின் மையக் கேள்வி அதுதான். அதைக் கேட்கவே 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செல் எதிலிருந்து பிறக்கிறது என்பதிலேயே அறிஞர்களுக்குள் உடன்பாடு இருக்கவில்லை.

செல்லிலிருந்து செல்

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டவை உயிர்போன செல்களின் சுவர்கள் மட்டுமே. 1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும், செல்லே அடிப்படை அலகு என்று நிறுவினார்கள். ஆனால் புதிய செல்களின் பிறப்பு பற்றி இருவரும் சொன்னது தவறு. பாகில் கற்கண்டு விளைவதுபோல, செல்லற்ற ஒரு நீர்மத்தில் முதலில் உட்கரு திரண்டு, அதைச் சுற்றிச் செல் வளர்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். 1832இல் துமோர்த்தியேயும் 1835இல் ஹூகோ ஃபான் மோலும் பாசி இழைகளில் செல்கள் குறுக்குச் சுவர் எழுந்து இரண்டாவதை நேரில் கண்டு எழுதியிருந்தும், அது பாசிகளுக்கு மட்டுமே உரிய விந்தை எனக் கருதப்பட்டது.

அந்தத் தவறைத் திருத்தியவர் ராபர்ட் ரீமாக். 1841இல் கோழிக் கருவின் சிவப்பணுக்கள் இரண்டாகப் பிரிவதை அவர் கண்டார். பிறகு தவளை முட்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1852இல் விலங்குச் செல்கள் எல்லாமே முன்னிருந்த செல்லின் பகுப்பால் மட்டுமே தோன்றுகின்றன என்று அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில் ருடால்ஃப் விர்ச்சோ அதே கருத்தை ஒரு லத்தீன் வாசகமாக முழங்கினார். 1858இல் வெளிவந்த அவருடைய செல் நோயியல் நூல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. ரீமாக்கின் பெயர் பின்னுக்குப் போயிற்று. அவர் யூதர், மதம் மாற மறுத்ததால் பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. நோய் என்பது செல்லின் கோளாறு என்று மருத்துவத்தைத் திருப்பிய பெருமை விர்ச்சோவுக்கு உரியது. செல்லிலிருந்தே செல் என்பதற்குச் சான்று தேடித் தந்த பெருமை ரீமாக்கின் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

மைட்டாசிஸ்

செல் பிரிகிறது என்பது தெரிந்த பின்னும் உட்கருவுக்கு என்ன நேர்கிறது என்பது மங்கலாகவே இருந்தது. பிரியும் நேரத்தில் உட்கரு கரைந்து மறைந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணினர். விடை கிடைக்க இரண்டு வசதிகள் தேவைப்பட்டன. ஒன்று, ஜெர்மானியச் சாயத் தொழில் உருவாக்கிய அனிலின் சாயங்கள். மற்றொன்று, பெரிய செல்களும் பருத்த குரோமோசோம்களும் கொண்ட சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி. கீல் பல்கலைக்கழகத்தின் வால்தர் ஃபிளெமிங், அதன் இளவுயிரிகளின் துடுப்பையும் செவுளையும் சாயமேற்றிப் பார்த்தார். உட்கருவுக்குள் இருந்த பொருள் நூல்களாகத் திரள்வதும், ஒவ்வொரு நூலும் நெடுக்குவாட்டில் பிளப்பதும் அவர் கண்ணில் பட்டன. உயிரோடிருந்த செல்களையும் கவனித்து, நிலைகளின் வரிசையை உறுதிசெய்துகொண்டார். மைட்டாசிஸ் என்ற பெயர் 1882இல் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்றது. அந்நூலின் படங்களை இன்றைய பாடநூலில் அச்சிட்டாலும் பிழை காண்பது கடினம். உட்கருவில் திரளும் அந்த இழைகளுக்குக் குரோமோசோம் என்று வால்டயர் பெயரிட்டது 1888இல். மரபு பற்றிய மெண்டலின் ஆய்வு 1866இலேயே அச்சாகியிருந்தும் ஃபிளெமிங் அதை அறியவில்லை. ஆகவே தாம் வரைந்தது மரபின் பங்கீடு என்பதும் அவருக்குத் தெரியாது.

இன்றைய அறிவின்படி நடப்பது இது. பகுப்புக்கு முன்பே டி.என்.ஏ. இரட்டித்துவிடுகிறது. குரோமோசோம் ஒவ்வொன்றும் சென்ட்ரோமியரில் இணைந்த இரண்டு குரோமாட்டிட்களாகச் சுருண்டு தடிக்கிறது. உட்கரு உறை கலைகிறது. எதிரெதிர் முனைகளிலிருந்து நீளும் கதிர்கோல் இழைகள் அவற்றைப் பற்றி நடுக்கோட்டில் நிறுத்துகின்றன. கடைசிக் குரோமோசோமும் சரியாகப் பற்றப்படும்வரை செல் காத்திருக்கிறது. பிறகே குரோமாட்டிட்கள் பிரிந்து முனைகளை நோக்கி இழுபடுகின்றன. விலங்குச் செல் இடையில் இறுகிப் பிரிகிறது. தாவரச் செல் நடுவே புதிய தட்டை எழுப்பிக்கொள்கிறது. கதிர்கோல் இழைகள் மெய்யானவையா, வேதிப்பொருளிட்டுக் கொன்ற செல்லில் தோன்றும் பொய்யுருவா என்பது நெடுங்கால வழக்கு. ஷின்யா இனோவே தாமே செப்பனிட்ட முனைவாக்க ஒளி நுண்ணோக்கியால், உயிருள்ள செல்லிலேயே அவற்றைக் காட்டி 1953இல் அவ்வழக்கை முடித்தார்.

பாதியாகும் எண்ணிக்கை

1883இல் எட்வார்ட் வான் பெனடன், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில், விந்தும் முட்டையும் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களைக் கொண்டுவருவதைக் கண்டார். அப்படியானால் தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போக வேண்டுமே! இனச்செல்கள் உருவாகும்போது எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒரு பகுப்பு இருந்தே தீரும் என்று ஆகஸ்ட் வைஸ்மன் 1887இல் கணித்தார். கண்பார்வை கெட்டு நுண்ணோக்கியைக் கைவிட நேர்ந்த ஒருவர் சிந்தனையாலேயே இதை எட்டியது இத்துறையின் அரிய சாதனைகளுள் ஒன்று. மியாசிஸ் எனப்படும் அந்தக் குன்றல் பகுப்பில் டி.என்.ஏ. ஒருமுறை இரட்டிக்கிறது, செல் இருமுறை பிரிகிறது; இடையே தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. 1902–03இல் வெட்டுக்கிளியை ஆராய்ந்த சட்டனும், கடல் முள்ளெலியை ஆராய்ந்த போவேரியும், மெண்டலின் மரபுக் காரணிகள் குரோமோசோம்களில் உள்ளன என்ற முடிவுக்குத் தனித்தனியே வந்தனர்.

மனிதக் குரோமோசோம்கள் 48 என்ற பிழையான கணக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் புழங்கிற்று. 46 என்று திருத்தியவர்கள் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும், ஆண்டு 1956. தாவரங்களில் இந்த எண்ணும் பணியை விரிவாகச் செய்தவர்களுள் ஜானகி அம்மாள் முதன்மையானவர். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து, 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர். பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து அவரும் டார்லிங்டனும் 1945இல் வெளியிட்ட நூல் பயிர் இனவிருத்தியாளர்களின் கைநூலாயிற்று.

செல் சுழற்சி

இரண்டு பகுப்புகளுக்கு இடைப்பட்ட காலம் வெறும் ஓய்வு என்று எண்ணியிருந்தார்கள். லண்டனில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் அவரை இன வேர்நுனிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி, டி.என்.ஏ. உருவாவது அந்த இடைவேளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டுமே என்று 1953இல் காட்டினர். ஜி1, எஸ் (டி.என்.ஏ. உருவாவது), ஜி2, எம் (மைட்டாசிஸ்) என்ற நான்கு கட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. வளர்ப்பிலுள்ள பல மனிதச் செல்களில் ஒரு சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம். கண்ணுக்குத் தெரியும் மைட்டாசிஸ் அதில் சுமார் ஒரு மணி நேரமே.

கட்டம் மாறும்படி செல்லுக்குக் கட்டளையிடுவது எது? 1970இல் பொட்டு நரசிம்ம ராவும் ராபர்ட் ஜான்சனும் வெவ்வேறு கட்டங்களிலிருந்த ஹீலா செல்களை ஒன்றாக இணைத்தார்கள். மைட்டாசிஸில் இருந்த செல், தன்னோடு இணைந்த செல்லின் குரோமோசோம்களையும் காலத்துக்கு முன்பே சுருளவைத்தது. அப்படியானால் கட்டளை ஏதோ கரைந்து பரவும் பொருளாக இருக்க வேண்டும். ஹீலா செல்கள் 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து அவர் இசைவு கேட்காமலேயே எடுக்கப்பட்டவை என்பதையும் இந்த வரலாறு சொல்லியாக வேண்டும்.

கட்டளையிடும் அந்தப் பொருளின் அடையாளம் ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும் கிடைத்தது. லீலண்ட் ஹார்ட்வெல், சுழற்சியின் நடுவே நின்றுபோகும் ஈஸ்ட் திரிபுகளைத் திரட்டிக் கட்டுப்பாட்டு மரபணுக்களை இனங்கண்டார். பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் மைட்டாசிஸைத் தொடங்கிவைக்கும் மரபணுவைக் கண்டார். 1982இல் டிம் ஹண்ட், ஒவ்வொரு பகுப்பின்போதும் திரண்டு பிறகு சட்டென அழியும் ஒரு புரதத்தைக் கவனித்தார்; அதுவே சைக்ளின். நர்ஸின் மரபணு தரும் நொதி சைக்ளினோடு சேர்ந்தால்தான் செயல்படும். 1987இல் மெலனி லீயும் நர்ஸும், அம்மரபணு பழுதான ஈஸ்ட்டுக்குள் மனிதனின் இணை மரபணுவைச் செலுத்தினர். ஈஸ்ட் பழையபடி பிரிந்தது. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வழி பிரிந்துபோன இரண்டு உயிர்களில் ஒரே கருவி! ஹார்ட்வெல், நர்ஸ், ஹண்ட் மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கட்டுப்பாடுகள் குலைவதே புற்றுநோய் என்பதால் அதன் மருந்தாய்வுக்கும் இங்கிருந்து ஒரு வழி திறந்தது.

வேறுபாடு

குன்றல் பகுப்பைக் கணித்த வைஸ்மன் வேறுபாட்டில் வழி தவறினார். உடல் செல்கள் பிரியப் பிரிய மரபுப்பொருளைச் சிறிது சிறிதாக இழந்து, தமக்குரிய பங்கை மட்டும் வைத்துக்கொள்கின்றன என்றார் அவர். 1888இல் வில்ஹெல்ம் ரூ, இரு செல் நிலையிலிருந்த தவளைக் கருவில் ஒன்றைச் சூடான ஊசியால் கொன்றபோது மற்றது அரைக்கருவாகவே வளர்ந்தது. கருத்து மெய்ப்பட்டதாகத் தோன்றிற்று. ஆனால் 1891இல் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலிக் கருவின் இரு செல்களைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் சிறியதாயினும் முழுமையான இளவுயிரியாயிற்று. ரூவின் சோதனையில் இறந்த செல் ஒட்டியபடியே இருந்ததுதான் குழப்பத்தின் காரணம்.

அண்டையிலுள்ள செல்கள் அனுப்பும் குறிப்பு ஒரு செல்லின் விதியை மாற்றும் என்பதை 1924இல் ஹில்டே மங்கோல்டும் ஹான்ஸ் ஸ்பீமனும் காட்டினர். நியூட் கருவின் முதுகுப்பகுதித் திசுவில் ஒரு துணுக்கை வேறொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டியபோது அங்கே இரண்டாவது உடலச்சே உருவானது. சோதனைகளைக் கையால் செய்து முடித்த மங்கோல்டு அதே ஆண்டு தீவிபத்தில் இறந்தார். 1935இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்குத் தனியே சென்றது.

வேறுபட்ட செல்லிலும் மரபுத்தொகுதி முழுமையாகவே இருக்கிறதா? 1958இல் ஸ்டூவர்ட் கேரட் வேர்ச் செல்களிலிருந்து கருவுருக்களை எழுப்பினார். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்ப்பூடகத்தில் இட்டு, மகரந்தத்திலிருந்தே கருவுருக்களைப் பெற்றனர். பாதிக் குரோமோசோம் கொண்ட அத்தகைய செடிகளை இரட்டித்துத் தூய வழிகளை உருவாக்கும் முறை இன்று உலகெங்கும் பயிர் இனவிருத்தியில் பயன்படுகிறது.

விலங்குகளில் ஜான் கர்டன் 1962இல் தலைப்பிரட்டையின் குடல் செல் உட்கருவை, உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையில் வைத்தார். சில முட்டைகள் தலைப்பிரட்டைகளாயின. குடல் செல்லில் எதுவும் தொலைந்துபோயிருக்கவில்லை, படிக்கப்படாமல் மூடி வைக்கப்பட்டிருந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் தம் மரபணுக்களை வெட்டி ஒட்டுவதும், நம் சிவப்பணு உட்கருவையே துறப்பதும் விதிவிலக்குகள். 1996இல் ராஸ்லின் நிறுவனத்தில் பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டி, ஆறு வயது ஆட்டின் பால்மடிச் செல்லிலிருந்து வந்தது. 277 முயற்சிகளில் பிழைத்த ஒரே குட்டி. செல்லைப் பட்டினி போட்டுச் சுழற்சியிலிருந்து விலக்கி ஓய்வுக்குக் கொண்டுவந்தது அந்த வெற்றிக்கு உதவியது என்று அதைச் செய்தவர்கள் கருதினர். பகுப்பும் வேறுபாடும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது ஆய்வுமேசையிலேயே தெளிவான இடம் அது.

2006இல் கியோட்டோவில் ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகாஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி நான்குக்குச் சுருக்கி, அந்த நான்கைச் செலுத்தியே எலியின் தோல் செல்லைக் கருநிலைக் குருத்தணுவை ஒத்ததாக மாற்றினர். மறு ஆண்டு மனிதச் செல்லிலும் அது கைகூடியது. 2012இல் யமனகாவும் கர்டனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2014இல் ஜப்பானில் விழித்திரை நோயுற்ற ஒரு மூதாட்டிக்கு, அவருடைய தோலிலிருந்தே இம்முறையில் வளர்த்த செல்படலம் கண்ணில் பொருத்தப்பட்டது. அடுத்த நோயாளிக்கென வளர்த்த செல்களில் மரபணுப் பிறழ்வுகள் தென்படவே அச்சோதனை நிறுத்தப்பட்டது. 2017இல் கொடையாளர் செல்களைக் கொண்டு மீண்டும் தொடங்கியது.