காயின் பெயர் பெற்ற கனி

ஒரே மரத்தின் விளைவுக்குத் தமிழில் படிக்கொரு பெயர் உண்டு. பிஞ்சாக இருக்கையில் மாவடு, முற்றினால் மாங்காய், கனிந்தால் மாம்பழம். குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் சொல்லும் கதையிலும் இந்தக் கவனம் தெரிகிறது. நன்னனின் காவல் மரத்திலிருந்து ஆற்று நீர் கொண்டுவந்ததை உண்டதற்காகக் கொல்லப்பட்ட பெண், உண்டது கனியையன்று, பசிய காயை. இந்தப் பகுப்பு உலகின் பிற மொழிகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் வணிகம் தொடங்கிய போர்த்துக்கீசியர், 'மாங்ங' என்று காதில் விழுந்த சொல்லை 'மங்கா' என்று எடுத்துச் சென்றனர். ஆங்கிலத்தின் 'மேங்கோ'வும் பிரெஞ்சின் 'மாங்'கும் அதன் வழிவந்தவையே. கனியை விரும்பிய உலகம், அதைக் காயின் பெயரால் அழைக்கத் தொடங்கியது.

பெயரில் நிகழ்ந்த இந்தத் தற்செயல் இருபதாம் நூற்றாண்டு வணிகத்தில் ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. இன்று பல நாடுகளின் கடைகளில் மாம்பழம் என்று விற்கப்படுவது, பயணத்திற்காகக் காயாகவே பறிக்கப்பட்ட ஒன்று. நாவிற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாம்பழத்திற்கும் கப்பலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாம்பழத்திற்கும் இடையிலுள்ள தொலைவே, நாட்டுக்கு நாடு நாம் காணும் சுவை வேறுபாட்டின் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

காயாகப் பறிப்பது புதிய வழக்கமன்று. பெர்கானாவின் முலாம்பழங்களை எண்ணி ஏங்கிய பாபர், 'பாபர்நாமா'வில் மாம்பழத்தைப் பற்றி நிதானமாகவே எழுதுகிறார். நல்ல மாம்பழம் மிக நல்லது, ஆனால் உண்ணும் பலவற்றுள் முதல்தரமானவை சிலவே என்பது அவர் கருத்து. காயாகப் பறித்து வீட்டில் பழுக்கவைக்கும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகிறார். நம் வீடுகளில் வைக்கோலிட்டுப் பழுக்கவைத்ததும் இதே முறைதான். மரத்தைவிட்டு நீங்கிய பிறகும் மாங்காய் கனியும் இயல்புடையது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காய் மரத்திலேயே முற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் அது சேர்த்துவைத்த மாவுப்பொருள் பின்னர் இனிப்பாக மாறும். முற்றாத காய் நிறம் மாறும், மென்மையாகும், இனிக்காது. பாபர் கண்ட காய்க்கும் இன்றைய சந்தைக் காய்க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வகைகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள விதைக்குள்ளும் சற்று நோக்க வேண்டும். இந்திய வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான் இருக்கும். மகரந்தச் சேர்க்கையில் பிறந்த அந்தக் கன்று தாய்மரத்தின் கனியைத் தருவதில்லை. மல்கோவாவைத் தின்று கொட்டையை ஊன்றினால் மல்கோவா வருவதில்லை. பிலிப்பீன்ஸ், தாய்லாந்து முதலிய தென்கிழக்காசிய வகைகள் பலவற்றின் கொட்டைக்குள் பல கருக்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நீங்கலாகப் பெரும்பாலும் மற்றவை தாயின் உடலிலிருந்தே தோன்றுவதால் தாயை ஒத்தே வளர்கின்றன. எனவே அந்நாட்டு மாம்பழம் கொட்டையாகவே கடல் கடக்க முடிந்தது; இந்திய மாம்பழத்திற்கு ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரின் கை தேவைப்பட்டது.

கோவாவில் அந்தக் கையாக இருந்தவர்கள் போர்த்துக்கீசியப் பாதிரியார்கள். அவர்கள் பரப்பிய ஒட்டுமுறையில் நிலைபெற்ற வகைகளுள் ஒன்று, 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயரைத் தாங்கி இன்று அல்போன்சாவாக நிற்கிறது. வட இந்தியாவிலோ லக்னோவுக்கு அருகிலுள்ள தசேரி என்னும் சிற்றூரின் பெயர் ஒரு வகைக்கு ஆயிற்று. பாக்பத் மாவட்டத்து ரடௌல் கிராமத்தின் பழம், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் 'அன்வர் ரடௌல்' என்ற பெயரில் புகழ்பெற்றது. ரடௌல் மாம்பழத்துக்கு இந்தியா புவிசார் குறியீடு வழங்கியது 2021இல். 1947இல் வரைந்த எல்லையை ஒட்டுக்குச்சிகள் மதிக்கவில்லை. இரு நாட்டாரும் தம்முடையதே மேல் என்று வாதிடும் பழம் ஒரே கிராமத்து மரத்தின் உடலே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கொட்டையாகப் பயணித்தவற்றின் கதை வேறு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் சென்றுவந்தன. மெக்சிகோவில் இன்றும் ஒரு மஞ்சள் மாம்பழத்தின் பெயர் 'மணிலா'. கரீபியத்தில் இதைவிட விந்தையான பெயரொன்று உண்டு. மொரீஷியஸிலிருந்து செடிகளை ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பலொன்றை 1782இல் பிரித்தானியக் கடற்படை பிடித்து ஜமைக்காவுக்குக் கொண்டுசென்றது. செடிகளுக்குப் பெயரில்லை, எண்கள் மட்டுமே இருந்தன. அவற்றுள் ஒரு மாங்கன்று இன்றளவும் அங்கே 'பதினொன்றாம் எண்' மாம்பழம். எந்த ஊரில், யார் கையில் வளர்ந்தது என்ற நினைவு முற்றிலும் அழிந்து, எண் மட்டும் மிஞ்சிய பழம் அது.

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். உலகச் சந்தையின் திருப்பம் அங்கேதான் நேர்ந்தது. 1889இல் அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தியாவிலிருந்து ஒட்டுக்கன்றுகளைத் தருவித்தது. 1894–95ஆம் ஆண்டின் கடுங்குளிரில் எஞ்சியது ஒரே மரம். அதன் பெயர் 'முல்கோபா'. நாம் மல்கோவா என்று வழங்கும் அதே பெயர். அதன் கொட்டைகளை 1902இல் விதைத்தவர் ஜான் ஹேடன் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர். மறு ஆண்டு அவர் இறந்தார். மரங்களைப் பேணியவர் அவர் மனைவி புளோரன்ஸ். 1910இல் காய்த்த ஒரு மரத்தின் கனி சிவந்த தோலுடன் இருந்தது. ஒற்றைக் கருவுடைய தாயிடமிருந்து தாயை ஒவ்வாத பிள்ளை பிறக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அப்படிப் பிறந்ததே 'ஹேடன்'.

ஹேடனின் கொட்டையிலிருந்து 1920களில் முளைத்த மரமே 'டாமி அட்கின்ஸ்'. புளோரிடாவின் மாம்பழ வல்லுநர் குழு, நார் மிகுந்தது, சுவையில் சிறப்பில்லாதது என்று அதை ஏற்க மறுத்தது. உழவர்களும் வணிகர்களும் வேறு கணக்குப் போட்டனர். தடித்த தோல், அடிபட்டாலும் கன்றாத உடல், நெடுநாள் கெடாத தன்மை, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நாவு தள்ளியதைக் கப்பல் ஏற்றுக்கொண்டது. மெக்சிகோவும் பிரேசிலும் அதைப் பெருந்தோட்டங்களில் வளர்த்து ஏற்றுமதி செய்தன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரு தலைமுறை, அதையே மாம்பழத்தின் சுவை என்று நம்பி வளர்ந்தது.

குற்றத்தை மரபின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அதே ஹேடன் வழியில் வந்த மற்றொரு புளோரிடா வகை 'இர்வின்'. ஜப்பானின் மியாசாகி மாநிலத்தார் அதைப் பசுமைக் குடில்களில் வளர்க்கின்றனர். ஒவ்வொரு காய்க்கும் வலைப்பை கட்டி, கனி தானே காம்பு கழன்று விழும்வரை காத்திருக்கின்றனர். குறைந்தது 350 கிராம் எடையும் 15 பாகை இனிப்பும் உள்ளவற்றுக்கே 'சூரியனின் முட்டை' என்ற பெயர். 2019இல் அப்படிப்பட்ட இரண்டு பழங்கள் ஐந்து லட்சம் யென்னுக்கு ஏலம் போயின. விலையின் பகட்டை விடுங்கள். காத்திருந்தால், பயணத்திற்குப் பெயர்பெற்ற குலத்திலும் கனி பிறக்கும் என்பதே இதில் நாம் கற்கத்தக்கது.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஒருமுறை தாய்லாந்தின் 'நாம் தோக் மாய்', பிலிப்பீன்ஸின் 'கராபாவ்', நம் பங்கனபள்ளி மூன்றையும் வாங்கி ஒரே அமர்வில் உண்டு பார்த்தேன். தாய்லாந்துப் பழம் நாரின்றி வழுவழுப்பாக, பூமணத்தோடு, சற்றும் புளிக்காமல் இனித்தது. அவர்கள் அதைத் தேங்காய்ப்பால் சேர்த்த ஒட்டரிசிச் சோற்றோடு ஏன் உண்கிறார்கள் என்பது முதல் துண்டிலேயே விளங்கிற்று. கராபாவில் இனிப்புக்கு அடியில் மெல்லிய புளிப்பு ஓடியது. பங்கனபள்ளியின் சதையில் இறுக்கமும் அளவான இனிப்பும் இருந்தன. மூன்றுள் எது சிறந்தது என்ற கேள்வி எனக்கு விரைவிலேயே பொருளற்றதாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு சமையலின், ஒரு மக்களின் விருப்பத்திற்கேற்ப நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் கறுத்தக்கொழும்பானை இமாம்பசந்தோடும் நீலத்தோடும் நிறுத்தி மதிப்பெண் இடுவதும் அவ்வாறே. ஒப்பிட வேண்டியது, அந்தக் கனி தன் ஊரில் எந்த நிலையில் உண்ணப்பட்டது, நம்மிடம் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதையே.

பூச்சி அச்சத்தால் 1989 முதல் இந்திய மாம்பழத்திற்குக் கதவடைத்திருந்த அமெரிக்கா, கதிர்வீச்சு முறையை ஏற்று 2007இல் மீண்டும் திறந்தது. உலகில் மிகுதியாக மாம்பழம் விளைவிக்கும் இந்தியா, அதில் மிகச் சிறு பங்கையே பழமாக ஏற்றுமதி செய்கிறது. பொருளாதார அறிஞர்கள் இதைக் குறையாகச் சொல்வர். நம் வகைகள் நாவிற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதற்கு இதையே சான்றாகவும் கொள்ளலாம்.

ஆயினும் பெருமிதத்திற்கு இடமில்லை. தடைசெய்யப்பட்ட கார்பைடு கல்லை வைத்து, முற்றாத காயை ஓரிரு நாளில் மஞ்சளாக்கி விற்பது நம் ஊர்ச் சந்தைகளிலேயே நடக்கிறது. கடல் கடக்க வேண்டிய தேவையுமின்றி, பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் பழத்திற்கும் இந்தக் கதி. சேலத்தின் நடுசாலையையும் குண்டுவையும் கேட்டு வாங்குவோர் குறைந்தால் அவற்றுக்கு ஒட்டுக்கட்டுவோரும் குறைவர். ஒற்றைக் கரு மரத்தின் விதி அது. மனிதக் கை விலகினால் கொட்டை அதை மீட்டுத் தராது. மாவடு, மாங்காய், மாம்பழம் என்று மூன்று சொற்களைப் போற்றிய மொழிக்காரர்கள், மூன்றாவது சொல்லுக்கு உரிய பொருளைக் கடைக்காரரிடம் பெயர்சொல்லிக் கேட்டு வாங்கவேனும் வேண்டும். அந்தக் கேள்வி உள்ளவரையில்தான் அந்த மரங்களும் உள்ளன.