குடவோலையும் சந்தேகமும்: உத்திரமேரூர்ச் சபை கட்டுப்பட்டது எதற்கு?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) ஊரை ஆண்டவர் யார் என்ற ஒரே வழக்கில்தான் இதுவரை சாட்சியாக நிறுத்தப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு சாரார் அங்கே ஊர் மக்களாட்சியைக் கண்டனர். மறுசாரார் நிலமுடைய பிராமணர்களின் ஏகபோகத்தைக் கண்டனர். இரண்டாவது வாசிப்பே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஓலை எழுதப்பட்டும் வாரியத்தில் (ஊர்ப் பணிக்கான குழுவில்) இடம் கிடைக்காதவர்கள் அம்முடிவுக்கு ஏன் கட்டுப்பட்டனர் என்பதை இரு சாராரும் கேட்கவில்லை. அதற்கான விடை, தகுதி விதிகளைவிட ஓலை எடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அம்முறையை அசாதாரண நுணுக்கத்துடன் விதிக்கிறது. முப்பது குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்படுகின்றன. பாலர் முதல் முதியோர் வரை மகாசபை கூடுகிறது. அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணக் குடத்தை எடுத்து நிற்கிறார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் குலைக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படுகிறது. மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று வாசிக்கிறான். பிறகு நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும்.

இந்த விரித்த விரல்களைச் சடங்கு எனக் கடந்துவிடும் வாசிப்பு எனக்கு உடன்பாடன்று. ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட மோசடியை அடைக்கிறது: தேர்ந்தெடுத்து எடுப்பது, கைக்குள் வேறோர் ஓலையை மறைப்பது, இல்லாத பெயரை வாசிப்பது. விதியை எழுதியவர்கள் மத்தியஸ்தனையும் நம்பவில்லை. நம்பிமார் ஒவ்வொருவரையும் தனியாக நம்பவுமில்லை.

சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றிய அண்மைக்கால ஆய்வு மரபு இங்கே இடறுகிறது. 1984இல் சிகாகோவாசிகள் 1,575 பேரிடம் நடத்திய நேர்காணல்களிலிருந்து வளர்ந்த அம்மரபு, தண்டனை அச்சத்தைவிட நடைமுறையின் நேர்மையே மக்களைக் கட்டுப்பட வைக்கிறது என்கிறது. அதுவரை சரியே. ஆனால் அந்நேர்மையை உணர்த்துபவற்றுள் அதிகாரியின் நல்லெண்ணத்தின் மீதான நம்பிக்கைக்கு அது தரும் முதன்மையை உத்திரமேரூர் தாங்காது. அங்கே நல்லெண்ணம் தேவைப்படாத ஏற்பாடே ஒப்புதலைப் பெற்றது. மத்தியஸ்தன் நல்லவனா என்ற கேள்வியையே அது அநாவசியமாக்கியது.

கணக்கு விதியும் இதையே காட்டுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என நீளும் உறவினர் வரிசையின் பெயர்களும் குடத்துக்குள் போகக் கூடாது. குற்றமற்ற உறவினரையும் தண்டிக்கும் இவ்விதி நம் கண்ணுக்கு அநீதி. ஆனால் கணக்கைக் கேட்கும் வேலையை அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தது.

இது விதிதானே, நடந்ததற்குச் சான்றில்லையே என்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 919இல் செய்த ஏற்பாடு இரண்டே ஆண்டில் திருத்தப்பட்டிருக்கிறது. வயது வரம்பு முப்பது முதல் அறுபது என்பதிலிருந்து முப்பத்தைந்து முதல் எழுபது என மாறியது. யாரும் பயன்படுத்தாத விதியை இவ்வளவு விரைவில் திருத்தியிருப்பார்கள் என்று கொள்வது கடினம். ஏற்பாட்டின் பின்னே அரச ஆணையும் சபையில் அரசனின் அதிகாரியும் இருந்ததால் அச்சமே காரணம் என்ற வாதமும் வலுவற்றது. அச்சம் போதுமானால் அதிகாரி பெயர்களை அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம், குடமும் சிறுவனும் எதற்கு? உழுகுடிகளின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை என்பது உண்மை. அவர்கள் கட்டுப்பட்டதற்கான காரணத்தை இக்கல்வெட்டில் தேடிப் பயனில்லை. வரிக் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டும்.

சபைக்குள்ளோ, சந்தேகம் கீழ்ப்படிதலுக்குப் பகையாக இருக்கவில்லை. ஒருவரையொருவர் நம்பாத நிலவுடைமையாளர்கள் 360 நாள்களுக்கு தோட்டத்தைப் பன்னிரண்டு பேரிடமும் ஏரியை ஆறு பேரிடமும் ஒப்படைக்க முடிந்தது, அந்தச் சந்தேகத்துக்குச் சபை நடுவிலேயே இடம் ஒதுக்கியதால்தான்.