ஐப்பசி மழையும் தீபாவளிக் கடனும்

எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கடன் புத்தகத்தைப் புரட்டும்போது ஒன்று எப்போதும் கண்ணில் படும். ஐப்பசி பிறந்தால் விண்ணப்பங்கள் கூடும். காரணம் எழுதும் இடத்தில் 'சுயதொழில்' என்றோ 'கோழி வளர்ப்பு' என்றோ இருக்கும். வாங்குபவருக்கும் எழுதுகிற எனக்கும் தெரியும், அது தீபாவளிக் காசு.

2017இல் நானும் அப்படித்தான் வாங்கினேன், சங்கத்தில் அல்ல, வீடு தேடி வந்த ஒரு நுண்கடன் நிறுவனத்தில். தையல் மெசினுக்கென்று 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். பிள்ளைகளின் உடுப்பு, பலகாரம், இறைச்சி, பழைய கைமாற்று என்று இரண்டு கிழமையில் காசு முடிந்தது. மாரி முழுவதும் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. தையில் முதற் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினேன். தவணை பிந்திய ஒரு நாள், வசூலிக்க வந்தவர் பொழுதுபடும் வரை முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அயல் முழுக்கப் பார்த்தது.

அந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 52 கிழமையில் கட்டுவது 65,000. வட்டி 15,000, அதாவது 30 வீதம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் என் கையில் இருக்கவில்லை, கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டே போனது. மீதி நின்ற முதலுக்கு வட்டியைக் கணித்தால் ஆண்டுக்கு 50 வீதத்துக்கும் மேல் வரும். நூற்றுக்கு 5 என்று மாத வட்டிக்குக் கொடுப்பவர் ஆண்டுக்கு 60 வீதம் எடுக்கிறார். மீற்றர் வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது ஊதாரித்தனத்தால் வந்த வினை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடாநாட்டின் பருவத்தைப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. தோட்டக் கூலி, மேசன் வேலை இரண்டும் நிற்கும். வடமராட்சிக் கடல் கொந்தளிக்கும், வள்ளம் கரையில் கிடக்கும். பனை ஏறுபவருக்கும் அது தொழில் இல்லாத காலம். அதே மாதங்களில்தான் தீபாவளி, பின்னர் குருநகர், பாசையூர், இளவாலைப் பக்கம் நத்தார், அதன் பின் பொங்கலும் பள்ளிக்கூடக் கொப்பி, சப்பாத்துச் செலவும். நெல் அறுவடை தையில்தான் தொடங்கும். வரவு மிகக் குறைந்த மூன்று மாதத்தில் செலவு மிகக் கூடுகிறது. அந்த இடைவெளிக்குள்தான் 2009க்குப் பிறகு நிதி நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின.

2018 ஆடியில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் தவணை தவறிய பெண்களின், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் ஐப்பசியில் கை வெறுமையாக இருக்கும் வரை, அனுமதி இல்லாதவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆகவே தீபாவளிச் செலவை ஐப்பசியில் யோசித்துப் பயனில்லை. தையில் தொடங்க வேண்டும். நாங்கள் செய்வது இதுதான்: தைப்பொங்கல் முடிந்த கிழமையிலிருந்து 40 கிழமை, ஒருவர் 300 ரூபா. ஐப்பசியில் 12,000. முடிந்தவர் 500 போட்டால் 20,000. வெங்காயம் விற்ற கிழமையில், நல்ல மீன்பாடு கண்ட கிழமையில் கூடப் போடலாம். காசு சங்கத்தின் பெயரில் வங்கியில் கிடக்கும், எடுக்க இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். இந்த இரண்டாவது கையெழுத்தை எந்த நட்புக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் தீபாவளிச் சீட்டு பிடித்தவர் காசோடு மறைந்த செய்திகள் அவ்வப்போது வருவதை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

ஏலச் சீட்டு வேறு. பத்துப் பேர், ஆளுக்கு 5,000 ரூபா என்றால் சீட்டு 50,000. ஐப்பசியில் எல்லோருக்கும் காசு தேவை, கழிவு ஏறும். 12,000 கழித்து எடுப்பவர் கையில் 38,000தான் கிடைக்கும், கட்ட வேண்டிய மிச்சத் தவணைகளோ குறையாது. சீட்டில் இருப்பவர்கள் ஐப்பசிச் சீட்டைக் கேட்காமல் விட்டாலே பாதி வெற்றி. தாச்சியோடு பேசிக் குலுக்கல் முறைக்கு மாற்றலாம்.

நகை அடகைப் பற்றிப் பேசுவது எங்கள் சனத்துக்கு லேசான விடயமல்ல. வன்னியில் வைப்பகத்தில் வைத்த நகை போனவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். படையினர் வசமிருந்த அந்த நகைகளில் ஒரு பகுதி 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. ஆனாலும், தவிர்க்க முடியாத கட்டத்தில் நுண்கடனைவிட வங்கி அடகின் வட்டி குறைவு. பவுண் விலை ஏறியிருப்பதால் நீங்கள் கேட்டதைவிடக் கூடத் தரலாம் என்பார்கள். தேவையான தொகையை மட்டும் எடுங்கள். மீட்கும் திகதியைக் கலண்டரில் எழுதுங்கள், தவறினால் ஏலம். அதற்கு முதல், உங்கள் ஊரின் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

செலவுப் பக்கத்தில் நான் கண்ட பெரிய ஓட்டை உடுப்பு. கடைசிக் கிழமை யாழ்ப்பாணப் பட்டினத்தில், பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது யாரும் விலை பேசுவதில்லை. ஆவணியிலேயே வாங்கி வையுங்கள், அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக எடுங்கள். இறைச்சியைப் பங்கில் எடுப்பது பழைய வழக்கம், கடையைவிட மலிவு. பயற்றம் பணியாரமும் முறுக்கும் நாலு வீடு சேர்ந்து சுட்டால் எண்ணெயும் விறகும் மிச்சம்.

வெளிநாட்டில் உள்ள தம்பியிடமோ மாமாவிடமோ கேட்பதானால், பண்டிகைக்கென்று கேட்காமல் தைமாதப் பள்ளிக்கூடச் செலவுக்கென்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பவருக்கும் கூச்சம் குறையும், அனுப்புகிறவருக்கும் திட்டமிட நேரம் இருக்கும். அவர்களுக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது.

கார்த்திகை 27க்குக் கடன்பட்டதாக எங்கள் புத்தகத்தில் ஒரு பதிவும் இல்லை. ஒரு விளக்கு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பிடி பூ. பெரும்பாலான வீடுகளில் அந்த ஆண்டின் மிக முக்கியமான நாள் அதுதான்.

போன ஐப்பசியில் எங்கள் சேமிப்பைப் பிரித்தோம். 26 பேர். இருவர் இடையில் நின்றுவிட்டார்கள், அவர்கள் போட்டதைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தோம். என் பங்கு 12,000. அதில் 7,500 தீபாவளிக்குப் போனது, மிச்சம் கொப்பிக்கும் சப்பாத்துக்கும்.