வெற்றென்பின் மேல் விளையும் தோல்



பன்னெடுங்காலம் வெயிலிற் காய்ந்த வழுக்கைத் தலையிலே தோற்புற்றுநோய் தோன்றுவதுண்டு. வெண்ணிறத்தாரிடை அது மிகுதி. நோயுற்ற பகுதியை வைத்தியர் அரிந்தெடுத்த பின், எஞ்சும் புண்ணை மூடுவது எங்ஙனம்? வயிற்றிலாயின் இருபுற விளிம்பையும் இழுத்துத் தைத்துவிடலாம். தலைத்தோலோ, இழுபடாத தடித்த சவ்வொன்றோடு பிணைந்திருத்தலின் எளிதில் நீளாது. மண்டையோட்டைப் போர்த்துள்ள என்புச்சவ்வு எஞ்சியிருப்பின், அதன்மேல் சிவந்த புதுத்தசை அரும்பும். அதுவும் போயிற்றெனின் வெற்றென்பு உலர்ந்து மடியும். அவ்வெற்றென்பை வெல்ல மனிதர் கண்ட வழிகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதல் வழி புற்றுநோயை முன்னிட்டு எழுந்ததன்று. பிரெஞ்சுப் படை வைத்தியரான பெலோஸ்த், 1696ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வெளிப்பட்ட என்பிலே சிறு துளைகளிடுமாறு கூறினார். எண்பது ஆண்டுகளின் பின் அம்முறையை வட அமெரிக்காவின் எல்லைப்புறத்திற் காண்கிறோம். குடியேறிகளுக்கும் பூர்வ குடிகளுக்கும் அங்கு நிகழ்ந்த போர்களிலே பகைவரின் தலைத்தோலை உரிப்பது வழக்கமாயிருந்தது. இக்கொடுமையைப் பூர்வ குடிகள் மீதே சுமத்துவாருளர். வெள்ளையரும் அதனைச் செய்தனர், அதற்குப் பரிசுப்பணமும் வழங்கினர் என்பதை மறத்தலாகாது.

நாஷ்வில் நகரை நிறுவியோருள் ஒருவரான ஜேம்ஸ் றொபேட்சன் வைத்தியர் அல்லர். 1777இல் வைத்தியர் ஒருவர் செய்யக் கண்டு இதனைக் கற்றார். தமரூசியால் என்பின் மேற்றட்டை மட்டும் துளைத்து, செந்நீர் கசிந்ததும் நிறுத்துவார். மண்டையோட்டின் இரு தட்டுகளுக்கிடையே குருதி நிறைந்த பஞ்சு போன்ற படையுண்டு. தசை அங்கிருந்தே துளை வழியாக முளைத்துப் படரும். 1780களில் தாவீது ஹூட் என்பார் இவ்வாறு பிழைத்தார். 1806இல் பிலடெல்பியா வைத்திய ஏடொன்றில் றொபேட்சன் இதனை எழுதினார். புண் முற்றாக மூட ஏறக்குறைய ஈராண்டு செல்லுமாம்!

அக்காலத்தைச் சுருக்கியவர் றெவேர்டின். 1869இல் பாரிஸ் மாநகரிலே, நோயாளியின் உடலினின்று சிறு தோற்றுண்டுகளை எடுத்துப் புண்ணின் மேல் பதித்தார். எனினும், நாற்று நடப் பதப்பட்ட நிலம் வேண்டுமாப்போல, தோலொட்டு வேரூன்றவும் செந்தசை வேண்டும். வெற்றென்பில் அது பிடியாது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிரெட்றிக் மோஸ், நாகக் குளோரைட்டுப் பசையைப் பூசிப் புற்றுநோயைப் படை படையாக அகற்றி, ஒவ்வொரு படையையும் நுணுக்குக்காட்டியில் ஆராயும் முறையை 1941இல் வெளியிட்டார். பசை பட்ட இழையம் கழன்று விழச் சில நாட்கள் செல்லுமாதலின், உடனே தைத்தல் இயலாது. புண் தானே ஆற விடப்பட்டது. பல புண்கள் நன்றாகவே ஆறின. காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே என்பது இவ்வாறு துலங்கிற்று.

கொலம்பியாவின் ஒட்டிக்கோச்சியா 1967இல், எஞ்சிய தலைத்தோலை நான்கு மடல்களாக்கி, உட்சவ்வைக் கீறி நெகிழ்த்திப் பெரும்புண்ணை மூடினார். மயிரோடு கூடிய தோலே கிடைப்பது இதன் சிறப்பு. ஆயினும் சத்திரசிகிச்சை பெரிது. நோய் மீண்டும் தலையெடுப்பின் மடலின் கீழ் மறைந்திருக்கவும் கூடும்.

என் கருத்தில், தளர்ந்த முதியவருக்கு, ஈரம் உலராது கட்டி மெல்ல ஆற விடுவது குறையன்று. ஆனால் பின்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டுமெனின், மாதக்கணக்கிற் காத்திருக்க வழியில்லை. அங்கே மடலே தக்கது.

1981இல் பேர்க், யானாஸ் என்னும் இருவர், மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற பொருளையும் கொண்டு, தீப்புண்ணுக்கென ஆக்கிய செயற்கைத்தோல் இப்போது தலைப்புண்ணுக்கும் பயன்படுகிறது. வெற்றென்பின் மீது அதனை இடுமுன், சத்திரவைத்தியர் சுழலும் கருவியால் மேற்றட்டைத் தேய்க்கிறார். தேய்த்த இடத்தில் குருதிப்புள்ளிகள் அரும்பக் கண்டதும் கையை நிறுத்துகிறார்.