லிவர்பூலிலிருந்து கிளம்பிய நெளிகோடு

வலிப்பு வந்தவரை இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) எடுத்துவரச் சொல்வது இன்று சாதாரண விஷயம். தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டுவார்கள். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து விடு என்பார்கள். திரையில் கோடுகள் நெளிந்து ஓடும். நம் போர்ட் கிள்ளானைப் போல, அந்தக் கோடு பிறந்த ஊரும் ஒரு துறைமுகம்தான். போர்ட் கிள்ளான் போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த காலத்தில் இங்கே சரக்கேற்ற வந்த கப்பல்கள் பலவற்றின் சொந்த ஊரான லிவர்பூல். அங்கேதான் 1875-இல் ரிச்சர்ட் கேட்டன் என்ற மருத்துவர் முயல், குரங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதைக் கண்டார். பிற்பாடு அவர் அந்நகரின் மேயரே ஆனார்.

மனித மூளைக்கு இந்தக் கண்டுபிடிப்பு வந்து சேர்ந்தது ஒரு விபத்தால். ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து உயிர்தப்பினார் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய இளைஞர். அன்று மாலையே, "நலமா?" என்று வீட்டிலிருந்து தந்தி. தொலைவிலிருந்த தமக்கைக்கு மனசு சரியில்லையாம்! எண்ணம் காற்றில் பயணிக்குமா என்று தேடப்போனவர், 1924-இல் ஜெனா நகரில் மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். மகன் கிளாவுஸின் தலையையும் விட்டுவைக்கவில்லை. 1929-இல் அவர் வெளியிட்டதை உலகம் லேசில் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்ற விஞ்ஞானி சோதித்துக் காட்டிய பிறகே மதிப்பு வந்தது. மறு ஆண்டே பாஸ்டனில், குழந்தைகளின் ஒருவகை வலிப்பில் கோடு நொடிக்கு 3 முறை துள்ளுவதைக் கண்டுபிடித்தார்கள். மான்ட்ரியலில் வலிப்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்க, வலிப்புக்கு அறுவை சிகிச்சை தமிழ்நாட்டுக்கும் வந்தது.

இந்தக் கோட்டோடு பின்னால் சேரப்போகும் மனச்சோர்வு மாத்திரையும் தற்செயலாகக் கிடைத்ததுதான். 1952-இல் நியூயார்க்கில் காசநோய்க்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள்; நோயாளிகள் உற்சாகம் பொங்க எழுந்து உலாவினார்கள். மூலப்பொருளான ஹைட்ரசீனோ, போர்க்கால ராக்கெட் எரிபொருள்! சுவிட்சர்லாந்தில் மனச்சிதைவுக்காகச் சோதித்த இமிப்ரமின் அதற்கு உதவவில்லை, மனச்சோர்வுக்குக் கேட்டது. உடனே அதே அச்சில் அமிட்ரிப்டிலின் முதலியவை வரிசையாக வந்தன. ஆனால் இவ்வகை மருந்துகள், குறிப்பாக அளவு மீறினால், வலிப்பைத் தூண்டக்கூடும். அதனால் வலிப்பு நோயாளிகளுக்கு எழுதித் தரவே மருத்துவர்கள் தயங்கினார்கள்.

தேவையோ அங்கேதான் அதிகம். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு மருந்து கேட்கிறதா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் லூக்டர், குக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இதற்கு இ.இ.ஜி. கோட்டிடமே விடை கேட்டார்கள். மருந்து பலிக்கப்போகிறவர்களின் மூளையின் முன்பகுதியில், நொடிக்கு 4 முதல் 8 முறை துடிக்கும் தீட்டா அலைகளின் அளவீடு முதல் வாரத்துக்குள்ளேயே மாறியதை 2002-இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரேபோல் ஆமோதிக்கவில்லை.

வலிப்பு நோயாளியிடம் சிக்கல் இரட்டிப்பு. வலிப்பு கிளம்பும் இடமும் மெதுவான அலைகளை எழுப்பும். சில வலிப்பு மாத்திரைகளும் அலைகளை மந்தமாக்கும். கோட்டில் தெரியும் மாற்றம் எதன் வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம். எனவே இந்த அடையாளம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. கிள்ளானிலிருந்து மலாயா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறவருக்கு எடுக்கும் வழக்கமான இ.இ.ஜி. அவர் மனச்சோர்வைக் காட்டாது. இன்றுள்ள மனச்சோர்வு மருந்துகள் பலவற்றை, புப்ரோபியான் போன்ற சிலவற்றைத் தவிர்த்து, வலிப்பு நோயாளிகளுக்கும் கொடுக்கலாம். ஆகவே, எத்தனை முறை வலிப்பு வந்தது என்று மட்டும் மருத்துவர் கேட்டாலும், மனசு எப்படி இருக்கிறது என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.