பணிப்பெண்ணும் ஒரு பங்காளி

ஒல்லாந்தர் என்றதும் யாழ்ப்பாணக் கோட்டையும் தேசவழமைச் சட்டமும் கறுவா வாணிகமும் நம் நினைவிற்கு வருகின்றன. அவர்களுடைய கம்பனி எவர் பணத்தில் எழுந்தது என்பதும் அறியத்தக்கதே.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கீழைத்தேச வாணிகத்திற்கு முதலிடுவோர் பெரும்பாலும் செல்வ வணிகரும் அவர்தம் உறவினரும் நண்பருமே. பயணம் ஒவ்வொன்றுக்கும் பணந் திரட்டிக் கப்பல் மீண்டதும் கணக்குத் தீர்ப்பர். 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனிக்கு வழங்கப்பட்ட பட்டயமோ, நாட்டில் வாழும் எவரும் தமக்கியன்ற தொகையைப் பங்காக இடலாம் என்று விதித்தது.

ஆம்ஸ்டர்டாம் நகரிலே, டிர்க் வன் ஒஸ் என்னும் வணிகரின் இல்லத்தில் பங்காளர் பதிவேடு வைக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதிக்குள் 1,143 பேர் பெயர் பதிந்தனர். சேர்ந்த தொகை ஏறக்குறைய 37 இலட்சம் கில்டர். அவ்வில்லத்துப் பணிப்பெண் நீல்த்யன் கொர்னெலிஸும் 100 கில்டருக்குப் பங்கு எழுதினாள்.

கதவு திறந்தது, ஆயினும் கணக்கு மூடியே இருந்தது. 1609இல் இசாக் லெ மேர் என்னும் பெரும் பங்காளர் இயக்குநர்களின் நிருவாகத்தைக் குறைகூறி முறையிட்டார். 1610இல் வழங்கப்பட்ட முதல் இலாபப் பங்கு பணமாக அன்றிச் சாதிபத்திரியாகவே அளிக்கப்பட்டது. பெருவணிகர் அதனை விற்க வல்லவர். சிறு பங்காளர் என் செய்வர்? பத்தாண்டு முடிவிற் பொதுக்கணக்குக் காட்டி, விலக விரும்புவோருக்கு முதலைத் திருப்புதல் வேண்டும் என்ற விதியும் 1612இல் நிறைவேற்றப்படவில்லை. பங்கைப் பிறருக்கு விற்பதொன்றே பணத்தை மீட்கும் வழியாயிற்று. அவ்விற்பனையிலிருந்தே பங்குச் சந்தை வளர்ந்தது.

அக்கம்பனி 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது. இந்நாட்டுக் கறுவாவினால் ஒல்லாந்துப் பங்காளர் பயன்பெற்றனர். பட்டையை உரித்தவர்க்கோ கட்டாய ஊழியமே கிடைத்தது.

அமெரிக்காவில் 2012இல் இயற்றப்பட்ட சட்டமொன்றினால், 2016 முதல் சாதாரண மக்களும் புதிதாகத் தொடங்கும் கம்பனிகளிற் சிறு தொகை முதலிட இயலுகின்றது. பிற நாடுகளும் இத்தகைய வழிகளை வகுத்துள்ளன. நல்லதே. எனினும், எளியவரைப் பங்காளராக அழைப்போர் இரண்டு கடமைகளை ஏற்றல் வேண்டும்: உண்மைக் கணக்கை உரிய காலத்திற் காட்டுதல், வெளியேற விரும்புவோர்க்கு நேரிய வழி வகுத்தல். இவையின்றேல், எளியவரின் பணத்திற்கு மட்டுமே இடமுண்டு, அவருக்கு இடமில்லை.