உச்ச மழையின் காலமாற்றம்: புள்ளியியல் மாதிரியாக்கம்

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் உப்புவெளியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் பெய்துவிடும். வங்கக்கடலில் எழும் ஒரே தாழமுக்கம் ஒரு மாத மழையை இரண்டு நாளில் கொட்டிவிடவும் கூடும். 2000 டிசம்பரில் ஒரு சூறாவளி இந்தக் கரையில் ஏறியது. 2020 டிசம்பர் 2 இரவு 'புரவி' என்ற சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்தது. இத்தகைய மழை இனி எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமையாக வரும் என்று மதிப்பிடுவதே உச்ச மழையின் புள்ளியியல் மாதிரியாக்கம். பாலம், மதகு, வடிகால், குளத்து வான் எல்லாவற்றின் அளவும் இந்தக் கணக்கை நம்பியே தீர்மானிக்கப்படுகிறது.

சராசரி மழை இங்கே உதவாது. ஒவ்வோர் ஆண்டிலும் அதிகமாகப் பெய்த ஒரு நாளின் அளவை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துவார்கள். அந்த உச்சங்கள் மூன்று வகைப் பரவல்களுள் ஒன்றையே நெருங்கும் என்று 1928இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் டிப்பெட்டும் காட்டினர். 1955இல் வானிலையியலாளர் ஜென்கின்சன் மூன்றையும் ஒரே சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். உச்சங்கள் எந்த அளவைச் சுற்றி நிற்கின்றன, எவ்வளவு சிதறியுள்ளன, அரிதான பெருமழை எவ்வளவு தூரம் எகிறும் என்பவற்றைச் சொல்லும் மூன்று எண்கள் அதில் உண்டு. 'நூறாண்டு மழை' அவற்றிலிருந்து பிறப்பது: எந்த ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு 1 விழுக்காடு. 30 ஆண்டு நிற்கும் வீடு ஒருமுறையேனும் அதைச் சந்திக்கும் வாய்ப்போ 26 விழுக்காடு.

இந்த மூன்று எண்களும் மாறாதவை என்றே பழைய கணக்கு கொண்டது. ஆனால் காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே அந்த அடிப்படை இனிப் போதாது. புதிய மாதிரிகள் முதல் எண்ணை ஆண்டோடு அல்லது உலகச் சராசரி வெப்பநிலையோடு நகரவிடுகின்றன. பிறகு நகராத மாதிரியோடு ஒப்பிட்டு, அந்த நகர்வு தற்செயலா என்று சோதிக்கின்றன.

விடை எப்போதும் எதிர்பார்த்தபடி வராது. 2015 டிசம்பரில் சென்னைப் பகுதியில் ஒரே நாளில் 494 மி.மீ. வரை பெய்தது. அதை இவ்வாறு ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, புவி வெப்பமாதலின் தாக்கம் தரவில் தென்படவில்லை என்றது. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் அதை இதுவரை ஈடுசெய்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உப்புவெளிக் கரைக்கு ஆண்டை மட்டும் வைத்து மாதிரி கட்டுவது போதாது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இலங்கையின் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடுகிறது. அதையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். சூறாவளி மழையும் வழக்கமான மாரி மழையும் வெவ்வேறு இயல்பின. ஒரே வரிசையில் கலந்தால் அரிதான பெருமழையின் மதிப்பு பிசகும். ஒரு நிலையத்தில் சூறாவளி நாள்கள் மிகச் சில என்பதால், கிழக்குக் கரையின் அயல் நிலையங்களது பதிவுகளையும் ஒன்றுசேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.